மணிக்கட்டை மடக்கினால் பிடி ஏன் விட்டுப்போகிறது? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை ஐந்து கடிதங்களைச் சேர்த்து எடுத்துக்கொண்டேன். ஊறுகாய் ஜாடியில் ஆரம்பித்து ஆபரேஷன் வரைக்கும் போகிற ஐந்து கேள்விகள், ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே சங்கதிதான் ஓடுகிறது: ஒரு தசைக்கு இவ்வளவு பலம் என்று எழுதி வைத்த அளவு எதுவும் கிடையாது, அந்த நொடியில் அது எவ்வளவு நீண்டிருக்கிறது, எவ்வளவு குறுகியிருக்கிறது என்பதைப் பொறுத்து அதன் பலம் கூடும், குறையும்.

கேள்வி: எனக்கு வயது 58. ஊறுகாய் ஜாடி மூடியைச் சமையல் மேடையில் வைத்து மேலிருந்து திருகினால் அசையவே மாட்டேன் என்கிறது. மருமகள் அதே ஜாடியை இடுப்போடு அணைத்துக்கொண்டு ஒரே திருகில் திறந்துவிடுகிறாள். என் கையில் பலம் போய்விட்டதா? – வாசகி, கும்பகோணம்

பலம் போய்விட்டது என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள் அம்மா, அதற்கு முன்னால் ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். ஒரு பேனாவை உள்ளங்கைக்குள் வைத்து எல்லா விரலாலும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். மருமகளைக் கூப்பிட்டு, உங்கள் மணிக்கட்டை உள்ளங்கைப் பக்கமாக மெதுவாக மடக்கச் சொல்லுங்கள். பாதி மடங்கும் வரை பிடி இருக்கும். முழுக்க மடங்கியதும் நீங்கள் எவ்வளவு முயன்றாலும் விரல்கள் தளர்ந்துபோய், அவர் பேனாவைச் சுலபமாக உருவிவிடுவார். அப்புறம் மருமகளின் கையிலும் இதையே செய்து பாருங்கள், அவருக்கும் அதேதான் நடக்கும். சின்னக் குழந்தை கத்தரிக்கோலை எடுத்து வைத்துக்கொண்டு தர மாட்டேன் என்றால் விரல்களைப் பிரிக்கப் போராட வேண்டாம், மணிக்கட்டை நோகாமல் உள்பக்கம் மடக்கினால் போதும், கை தானாக விட்டுவிடும்.

ஏன் இப்படி? விரல்களை மடக்குகிற பெரிய தசைகள் உள்ளங்கையில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. சப்பாத்தி மாவு பிசையும்போது முழங்கைக்குக் கீழே உருண்டு எழுகிறதே, அவைதான். அவற்றின் தசைநாண்கள், அதாவது தசையை எலும்போடு கட்டும் கயிறு போன்ற நார்கள், மணிக்கட்டைத் தாண்டி விரல் நுனி வரை வருகின்றன. மணிக்கட்டை மடக்கும்போதே அந்தத் தசைகள் குறுகிவிடுகின்றன, விரலை இறுக்குவதற்கு மேற்கொண்டு குறுகுவதற்கு இடமில்லை. இன்னொரு பக்கம், புறங்கையில் இருக்கும் விரல் நீட்டும் தசைநாண்கள் இழுபட்டு விறைத்துக்கொண்டு விரல்களைத் திறக்கப் பார்க்கின்றன. இரண்டும் சேர்ந்துதான் பிடியை விடுவிக்கின்றன.

இன்னும் உள்ளே போய்ப் பார்க்கலாம். தசை நாருக்குள் சார்கோமியர் எனப்படும் மிக நுண்ணிய கட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் இருக்கின்றன. ஒவ்வொரு கட்டத்திலும் தடித்த மயோசின் இழைகளும் மெல்லிய ஆக்டின் இழைகளும் ஒன்றுக்குள் ஒன்று கோத்தபடி கிடக்கின்றன. உங்கள் இரண்டு கை விரல்களையும் எதிரெதிராகக் கோத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட அந்த அமைப்புதான். மயோசின் இழையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் குட்டித் தலைகள் ஆக்டினைப் பற்றி இழுப்பதில்தான் பலமே பிறக்கிறது. தசையை அளவுக்கு மீறி நீட்டினால் இழைகள் விலகிப்போய்ப் பற்றுவதற்கு ஆக்டின் எட்டாது. அளவுக்கு மீறிக் குறுகினால் இழைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு இழுப்பதற்கு வழி இருக்காது. நடுவில் ஓர் இடம் இருக்கிறது, அங்கேதான் எல்லாத் தலைகளும் வேலை செய்யும்.

இது ஊகமில்லை, அளந்து பார்த்த விஷயம். தசை சுருங்கும்போது இழைகள் சுருங்குவதில்லை, ஒன்றின் மேல் ஒன்று சறுக்குகின்றன என்று 1954 மே மாதம் 'நேச்சர்' இதழில் இரண்டு கட்டுரைகள் அடுத்தடுத்து வந்தன. ஒன்றை ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் ரால்ஃப் நீடர்கெர்கேயும் எழுதினார்கள், மற்றதை ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும் எழுதினார்கள் (ஹக்ஸ்லிகள் இருவரும் சொந்தக்காரர்கள் இல்லை). அதற்குப் பன்னிரண்டு வருஷம் கழித்து, 1966இல், ஆண்ட்ரூ ஹக்ஸ்லி, கார்டன், ஜூலியன் மூவரும் தவளையின் ஒரே ஒரு தசை நாரை எடுத்து வெவ்வேறு நீளத்தில் நிறுத்தி அதன் விசையை அளந்தார்கள். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு மைக்ரோமீட்டர். சார்கோமியர் 2.0 முதல் 2.2 மைக்ரோமீட்டர் நீளத்தில் இருக்கும்போது விசை உச்சத்தில் இருந்தது, 3.65க்கு நீட்டியபோது சைபர், 1.3க்குக் கீழே குறுகியபோதும் கிட்டத்தட்ட சைபர். இழைகளின் நீளத்தை வைத்துக் கணக்குப் போட்டால் என்ன வர வேண்டுமோ அதுவே வந்தது. மனிதத் தசையில் ஆக்டின் இழை தவளையுடையதைவிடக் கொஞ்சம் நீளம், ஆகவே நமக்கு உச்சம் சுமார் 2.7 மைக்ரோமீட்டரில் வருகிறது.

சரி, உங்கள் ஜாடிக்கு வருவோம். மேடையில் வைத்து மேலிருந்து பிடிக்கும்போது மணிக்கட்டு உள்பக்கம் மடங்கிவிடுகிறது. மருமகள் இடுப்பருகே பிடிக்கும்போது அவர் மணிக்கட்டு லேசாகப் பின்னால், புறங்கைப் பக்கமாகச் சாய்ந்திருக்கும். அப்படி ஏறக்குறைய 30 டிகிரி சாய்ந்திருக்கும்போதுதான் பிடி நன்றாக இருக்கும். ஜாடியைத் தாழ்வாக வையுங்கள், முழங்கையை உடம்போடு ஒட்டிக்கொள்ளுங்கள், எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு உலர்ந்த துணியைப் போட்டுத் திருகுங்கள். ஒரு கை மட்டும் பலவீனமாகிக்கொண்டே போனாலோ, விரல் மரத்துப்போனாலோ, கட்டை விரலின் அடியில் வலித்தாலோ அது வேறு கதை, மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: ஹோட்டலில் 11 வருஷமாக சர்வர் வேலை. இடது உள்ளங்கையில் தட்டு, அதில் ஆறு டவரா காபி. கஸ்டமரே கை நீட்டி ஒன்றை எடுத்தால் தட்டு துள்ளிக் காபி சிந்துகிறது. நானே வலது கையால் எடுத்து மேசையில் வைத்தால் துளிகூட அசைவதில்லை. எடை ஒன்றுதானே, ஏன் இந்த வித்தியாசம்? – வாசகர், சென்னை

இந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். உடலியக்க ஆய்வில் பேர் பெற்ற இரண்டு பரிசோதனைகளை நீங்கள் தினமும் காலையில் ஐம்பது தடவை செய்துகொண்டிருக்கிறீர்கள்.

முதல் பாதியை எடுத்துக்கொள்வோம். 1960களின் நடுவில் மாஸ்கோவில் அனத்தோல் ஃபெல்ட்மான் என்ற இளம் ஆய்வாளர் ஒரு சோதனை செய்தார். ஆள் முழங்கையை மடக்கி ஒரு எடையைத் தாங்கிக்கொண்டிருப்பார், அந்த எடையில் ஒரு பகுதியைத் திடீரென்று விடுவித்துவிடுவார்கள். ஆளுக்குக் கொடுத்த கட்டளை ஒன்றுதான்: கை போகிற போக்கில் விடு, நீயாகத் திருத்தாதே. எடையில் கொஞ்சம் போனால் கை கொஞ்சம் எழும்பி நின்றது, நிறையப் போனால் நிறைய எழும்பி நின்றது. நின்ற இடங்களையும் அங்கே மிச்சமிருந்த எடையையும் புள்ளியாக வைத்துப் பார்த்தால் எல்லாம் ஒரே வளைகோட்டில் உட்கார்ந்தன. அதே எடையோடு கையை வேறொரு கோணத்தில் வைத்து ஆரம்பித்தால் இன்னொரு வளைகோடு வந்தது, உருவத்தில் முதல் கோட்டைப் போலவே இருந்து, இடம் மட்டும் நகர்ந்திருந்தது.

இதிலிருந்து அவர் எடுத்த முடிவு எனக்கு இன்றைக்கும் வியப்பாக இருக்கிறது. 'இத்தனை கிராமுக்கு இத்தனை விசை போடு' என்று மூளை ஒவ்வொரு நொடியும் கணக்குப் போட்டுத் தசைக்கு அனுப்புவதில்லை. எந்த நீளத்தைத் தாண்டினால் தசை இழுக்க ஆரம்பிக்க வேண்டும் என்ற ஓர் எல்லையை மட்டும் வைக்கிறது. தசை அந்த எல்லையைத் தாண்டி எவ்வளவு நீள்கிறதோ அவ்வளவு விசை தானாக வரும், சுமை குறைந்தால் தசை குறுகும், குறுகக் குறுக விசையும் குறையும், மிச்சச் சுமைக்குச் சமமான இடம் வந்ததும் கை நிற்கும். கஸ்டமர் ஒரு டவராவை எடுத்ததும் உங்கள் கையில் நடப்பது இதுதான். எல்லை மாறவில்லை, சுமை மாறிவிட்டது, ஆகவே கை மேலே போய்ப் புது இடத்தில் நிற்கிறது.

இதில் தசை நாரின் சொந்த இயல்பு மட்டும் இல்லை. தசைக்குள் நூற்கும் கதிர் வடிவத்தில், நடுவில் பருத்து இரண்டு முனையும் மெலிந்த குட்டிக்குட்டி உணர்வு உறுப்புகள் இருக்கின்றன, தசைக்கதிர் என்றே பெயர். நீளம் மாறினால் அவை தண்டுவடத்துக்குச் செய்தி சொல்லும், தண்டுவடம் மூளையைக் கேட்டுக்கொண்டு நிற்காமல் உடனே பதில் அனுப்பும். டாக்டர் முட்டியில் சுத்தியால் தட்டும்போது கால் துள்ளுவது இந்தப் பாதையில்தான். எல்லை எங்கே என்பதை மூளை மேலிருந்து நகர்த்திக்கொண்டே இருக்கிறது, கையை உயர்த்த வேண்டுமானால் எல்லையை நகர்த்தினால் போதும், கை பின்னாலேயே வரும். இதை ஏற்காதவர்களும் இருக்கிறார்கள். ஜப்பானில் கோமியும் கவாட்டோவும் அசைகிற கையின் விறைப்பை அளந்து, இது மட்டும் போதாது, விசைக்கான கணக்கும் மூளைக்குள் இருக்க வேண்டும் என்று 1996இல் எழுதினார்கள். வாதம் இன்னும் ஓயவில்லை. ஆனாலும் தட்டு துள்ளுவதைப் புரிந்துகொள்ள ஃபெல்ட்மானின் வளைகோட்டைவிடத் தெளிவான விளக்கத்தை நான் பார்த்ததில்லை.

இரண்டாவது பாதி, நீங்களே எடுக்கும்போது ஏன் அசைவதில்லை? பிரான்சில் மார்செய் நகரத்தில் ஊகோனும் மாஸியோனும் வீசென்டாங்கரும் 1982இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பார்த்தது. வலது கை சுமையை எடுக்கக் கிளம்பும்போதே, இடது கையில் எடை குறைவதற்கு ஒரு கண நேரம் முன்பே, தாங்குகிற பைசெப்ஸ் தசை (மேற்கையின் முன்பக்கத்தில் இருப்பது, முழங்கையை மடக்குவது) தளர ஆரம்பித்துவிடுகிறது. சேதி வந்த பிறகு கொடுக்கிற பதில் இல்லை இது, மூளை முன்கூட்டியே எல்லையை நகர்த்தி வைத்துவிடுகிறது. வேறொருவர் எடுக்கும்போது நீங்கள் கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தாலும் அந்த முன்கூட்டிய தளர்வு முழுசாக வராது. ஆகவே கஸ்டமர் கை நீட்டுவதைப் பார்த்ததும் தட்டின் ஓரத்தை மேசை விளிம்பில் வைத்துவிடுங்கள், அல்லது உங்கள் வலது கையால் நீங்களே எடுத்துக் கொடுத்துவிடுங்கள். பதினொரு வருஷ அனுபவத்தில் இதை ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

கேள்வி: ஜிம்மில் புல்-அப் செய்யும்போது கை முழுக்க நீண்டு தொங்குகிற நிலையிலிருந்து கிளம்பவே முடியவில்லை. பாதி தூரம் யாராவது தூக்கிவிட்டால் மேலே போய்விடுகிறேன். – கல்லூரி மாணவர், மதுரை

தம்பி, இதில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது. கை முழுக்க நீண்டிருக்கும்போது முழங்கையை மடக்கும் தசைகள் நீண்ட பக்கம் போய்விடுகின்றன என்பது ஒன்று. அதைவிடப் பெரியது நெம்புகோல் கணக்கு: முழங்கை நேராக இருக்கும்போது பைசெப்ஸின் தசைநாண் எலும்போடு ஒட்டினாற்போல ஓடுகிறது, இழுத்தால் திருப்பும் விசை கொஞ்சம்தான் கிடைக்கும். ஏறக்குறைய 90 டிகிரி மடங்கியிருக்கும்போது அந்தத் தசைநாண் மூட்டிலிருந்து நன்றாக விலகி நிற்பதால் அதே இழுப்புக்கு அதிகப் பலன். மேலேயிருந்து மெதுவாக இறங்கிப் பழகு. நீண்டுகொண்டே தாங்கும்போது தசை அதிக சுமையை ஏற்கும், அந்தப் பலம் அடிநிலைக்கும் வந்து சேரும். முதல் வாரம் இரண்டு நாள் வலி இருக்கும், பழனி மலை ஏறும்போது வராத தொடை வலி இறங்கின மறுநாள் வருகிறதே, அதே வலிதான், பயப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: அப்பாவுக்கு பைக் விபத்தில் மேற்கை எலும்பு முறிந்து ரேடியல் நரம்பு போய்விட்டது. ஒன்றரை வருஷமாக மணிக்கட்டு தொங்குகிறது, விரலை நீட்ட முடியவில்லை. மணிக்கட்டை மடக்கும் தசை ஒன்றை எடுத்து விரலை நீட்டும் தசைநாணோடு தைக்கப் போகிறோம் என்கிறார் டாக்டர். மடக்குகிற தசை எப்படி நீட்டும்? பிளாஸ்டர் போட்டால் கை சூம்பிப்போகாதா? – மகள், ஈரோடு

உங்கள் பயம் நியாயமானது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இந்த வகை ஆபரேஷனுக்கும் உங்கள் ஊர்ப் பக்கத்துக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் 1914இல் கொல்லிமலையில், மிஷனரி பெற்றோருக்குப் பிறந்தவர். 1946இல் வேலூர் சிஎம்சிக்கு வந்தார், செங்கல்பட்டில் தொழுநோயாளிகளின் விரல்கள் கொக்கியாக மடங்கிப்போயிருந்ததைப் பார்த்தார், கையின் சிறு தசைகள் செத்துப்போனாலும் முன்கையில் நல்ல தசைகள் மிச்சமிருப்பதைக் கவனித்தார். அந்த நல்ல தசைகளின் நாண்களை இடம் மாற்றித் தைத்து விரல்களை நிமிர்த்தும் அறுவை சிகிச்சையை 1940களின் கடைசியில் ஆரம்பித்தார். தொழிலாளிகள், விவசாயிகள் என்று எத்தனையோ பேர் மறுபடியும் கையால் சாப்பிட்டார்கள், எழுதினார்கள். நான் இந்தத் துறைக்கு வந்ததற்கே அந்தக் கதை ஒரு காரணம்.

பிற்காலத்தில் அமெரிக்காவில் இருந்தபோது பிராண்ட், முன்கையிலும் கையிலும் இருக்கும் ஒவ்வொரு தசையும் எவ்வளவு பலம் தரும், எவ்வளவு தூரம் இழுக்கும் என்று அளந்து 1981இல் பட்டியல் போட்டார். இரண்டும் ஒன்றில்லை என்பதுதான் அதில் முக்கியம். பலம் தசையின் குறுக்குப் பருமனைப் பொறுத்தது, இழுக்கும் தூரம் நாரின் நீளத்தைப் பொறுத்தது. கைக்கு அறுவை செய்பவர்கள் மனசில் வைத்திருக்கும் கணக்கு ஒன்று உண்டு: மணிக்கட்டுத் தசைகள் ஏறக்குறைய 33 மில்லிமீட்டர் இழுக்கும், விரலை நீட்ட 50 வேண்டும், விரலை முழுக்க மடக்க 70 வேண்டும். அப்பாவுக்கு 33 மில்லிமீட்டர் தசையை 50 மில்லிமீட்டர் வேலைக்கு வைக்கிறார்கள். பற்றாக்குறையை ஈடுகட்டுவது மணிக்கட்டுதான்: மணிக்கட்டை லேசாக மடக்கினால் விரல் நீட்டும் நாண்கள் புறங்கையில் இழுபட்டு விரல்கள் தாமாகத் திறக்கும், முதல் பதிலில் பேனா நழுவியதே, அதே இழுப்பு இங்கே உபகாரமாகிறது.

எந்த இழுப்பில் வைத்துத் தைப்பது என்பதில்தான் டாக்டரின் கைத்திறமை இருக்கிறது. தொளதொளவென்று தைத்தால் தசை குறுகின பக்கத்தில் போய் நிற்கும், விறைக்க இழுத்துத் தைத்தால் நீண்ட பக்கத்தில் நிற்கும், இரண்டிலும் பலம் போய்விடும். அமெரிக்காவில் ரிச்சர்ட் லீபரும் ஸ்வீடனில் யான் ஃப்ரீடேனும் அறுவை நடக்கும்போதே லேசர் ஒளியைத் தசை மீது பாய்ச்சி சார்கோமியர் நீளத்தை அளந்தார்கள். பல அறுவைகளில் தசையைத் தேவைக்கு மேல் இழுத்துத் தைத்திருப்பது அதில் தெரிந்தது, 1998இல் எழுதினார்கள். ஆகவே உங்கள் டாக்டரிடம் 'எவ்வளவு இழுப்பில் தைப்பீர்கள்' என்று தயங்காமல் கேட்கலாம், நல்ல டாக்டர் இந்தக் கேள்வியை விரும்புவார்.

பிளாஸ்டர் பற்றி. பூனைகளின் கெண்டைக்கால் தசையைக் குறுகிய நிலையில் கட்டி வைத்தபோது சில வாரங்களில் சார்கோமியர் எண்ணிக்கை சுமார் 40 சதவீதம் குறைந்தது, நீண்ட நிலையில் கட்டியபோது சுமார் 20 சதவீதம் கூடியது, இது 1972இல் வந்த ஆய்வு. கட்டைப் பிரித்த பிறகு நான்கு வாரத்தில் எண்ணிக்கை பழையபடி வந்துவிட்டது. தசை தன்னைக் கட்டிப்போட்ட நீளத்துக்குத் தக்கபடி கட்டங்களைக் கூட்டுகிறது, குறைக்கிறது. ஆகவே பிளாஸ்டர் போடும் நாட்களில் கை எந்த நிலையில் இருக்கிறது என்பதை டாக்டர் யோசித்துத்தான் வைப்பார், நீங்கள் பிரித்து மாற்றிக் கட்ட வேண்டாம்.

பிரித்த பிறகுதான் உண்மையான வேலை. முதல் நாள் அப்பா விரலை நீட்டப் பார்ப்பார், ஒன்றும் நடக்காது. மூளைக்கு அந்தத் தசை இன்னும் மணிக்கட்டை மடக்குகிற தசைதான். பிசியோதெரபிஸ்ட் 'மணிக்கட்டை மடக்குங்கள்' என்பார், அப்பா மடக்க நினைப்பார், விரல்கள் நீளும். அந்த முகத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன், தன் கையைத் தானே நம்ப முடியாமல் பார்ப்பார்கள். இப்படி ஒரு நாளைக்குப் பல தடவை, கொஞ்சம் கொஞ்சமாக, மடக்குகிற நினைப்பு இல்லாமலே விரலை நீட்டுகிற வரைக்கும் பழக வேண்டும். நேரமாகும், சலிப்பு வரும், அப்போது பக்கத்தில் உட்காருங்கள். டம்ளரைப் பிடித்து விடுவது, துணி கிளிப்பை எடுத்து வைப்பது மாதிரி அவருக்கு அர்த்தமுள்ள வேலையாகக் கொடுங்கள்.

கேள்வி: ராத்திரி தூக்கத்தில் கெண்டைக்கால் நரம்பு இழுத்துக்கொள்கிறது. என்ன செய்ய? – வாசகர், திருநெல்வேலி

நரம்பு என்கிறோம், இழுத்துக்கொள்வது தசை. போர்வைக்கு அடியில் பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்து கிடக்கும்போது கெண்டைக்கால் தசை குறுகிய நிலையில் இருக்கிறது, பிடிப்பு அந்த நிலையில்தான் சுலபமாக வருகிறது. நீட்டினால் விடும். தசைநாணில் இருக்கும் கோல்கி உறுப்பு இழுப்பை உணர்ந்து தண்டுவடத்தின் வழியாகத் தசையை அடக்குகிறது என்பது பெரும்பாலோர் தரும் விளக்கம். படுத்தபடியே முட்டியை நேராக நீட்டுங்கள், கால் பெருவிரலைப் பிடித்து, எட்டவில்லை என்றால் ஒரு துண்டைப் பாதத்தில் மாட்டி, முகத்தை நோக்கி மெதுவாக இழுத்து அரை நிமிஷம் பிடித்திருங்கள். முட்டியை மடக்கிக்கொண்டு இழுத்தால் பாதிப் பலன்தான், ஏனென்றால் அந்தத் தசையின் மேல்பாகம் முட்டியையும் தாண்டித் தொடை எலும்பில் போய் ஒட்டியிருக்கிறது. வாரத்தில் மூன்று நான்கு நாள் வந்தாலோ, புதிதாக ஏதாவது மாத்திரை ஆரம்பித்த பிறகு வந்தாலோ, மாத்திரைச் சீட்டையும் எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள்.